வேலையால் வந்து வயலின் எடுக்க நேரமில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கந்தோர் 4.15க்கு முடிகிறது என்பது கடதாசிக் கணக்கு. நிலாவெளியிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ திருமலை (திருகோணமலை) நகரத்துக்கு வந்துபோகிறவர் விடிய 7 மணிக்கு வீட்டை விட்டால், திரும்பி வந்து செருப்பைக் கழற்ற 5.30 ஆகிவிடும். மிச்ச நேரத்துக்குள் சமையல், பிள்ளைகளின் டியூசன், கடை, கோயில் எல்லாம் நிற்கின்றன. வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறுவது இப்படித்தான்.

"நேரமில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு பிழைகள் இருக்கலாம். எல்லாருக்கும் "விடிய எழும்பி வாசியுங்கோ" என்று ஒரே மருந்தைக் கொடுத்தால், ஒருவருக்கு வேலை செய்யும், நாலு பேருக்குச் செய்யாது. அதனால் அறிகுறியை வைத்துப் பார்ப்போம். நிலத்தில் இருந்து வாசிக்கிற கர்நாடக வயலினை வைத்தே எழுதியிருக்கிறோம். வீணையும் மிருதங்கமும் வேறுபடுகிற இடங்களைத் தனியே சொல்கிறோம்.

முதலில் மூன்று நாள் அளவெடுங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பியை வயலின் பெட்டியோடு வையுங்கள். வாசிக்கிற ஒவ்வொரு நாளும் மூன்று நேரங்களை எழுதுங்கள்: பெட்டியில் கை வைத்த நேரம், சுருதியோடு சேர்ந்த முதல் சுவரம் வந்த நேரம், வில்லை வைத்த நேரம்.

உதாரணத்துக்கு 5.40, 5.52, 6.05 என்று வருகிறது. "25 நிமிடம் வாசித்தேன்" என்று மனம் சொல்லும். கொப்பியோ வாசித்தது 13 நிமிடம், மீதி 12 நிமிடம் வேறு வேலை என்று காட்டும். முதல் இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி 4 நிமிடத்துக்கு மேல் என்றால் அடுத்த பகுதிதான் உங்களுடையது. இடைவெளி சின்னது, நீளமாகவும் வாசிக்கிறீர்கள், ஆனால் பாடம் நகரவில்லை என்றால் "ஒரு வருடமாக அதே வர்ணம்" என்ற பகுதிக்குப் போங்கள். மூன்று நாளும் பக்கம் வெறுமையாகவே இருந்தால் "பெட்டியைத் தொடவே முடியேல்லை" என்பதிலிருந்து தொடங்குங்கள்.

"எடுத்தால் சுருதி சேர்க்கவே நேரம் போகுது"

திருமலையில் இந்த முறைப்பாடு வருடத்தில் இரண்டு தரம், இரண்டு விதமாக வரும். மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். தந்தியை முறுக்குகிற மரக்குமிழான பிரடை துளைக்குள் தளர்ந்து, சேர்த்துவிட்டுக் கை எடுத்தவுடன் 'டர்ர்' என்று கழன்று தந்தி தொங்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடை மழை வந்தால் எதிர்ப்பக்கம்: மரம் ஈரம் குடித்து ஊதி, பிரடை அசைய மறுக்கும், பலம் கொடுத்தால் ஒரேயடியாகத் துள்ளித் திரும்பித் தந்தியை அறுக்கும்.

தளர்ந்த பிரடைக்கு: அந்த ஒரு தந்தியை மட்டும் கழற்றுங்கள். நாலையும் சேர்த்துக் கழற்றினால் தந்திகளைத் தாங்குகிற குதிரை விழும். உடம்புக்குள் ஒட்டாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற சிறு மரக்குச்சியும் சரிந்துவிடும். அதை நிமிர்த்துவது வீட்டு வேலை இல்லை. பிரடையை வெளியே இழுத்தால் தண்டில் இரண்டு வளையம் மினுமினுப்பாகத் தெரியும். அவைதான் துளைச் சுவரோடு உரசுகிற இடங்கள். அவற்றில் பள்ளிக்கூட வெண்கட்டியை ஒரு சுற்றுத் தேய்த்துப் போட்டு, அங்குமிங்கும் நாலைந்து தரம் திருப்புங்கள். பிறகு தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்றுகள் பிரடையின் தலைப்பக்கச் சுவரை நோக்கி நெருங்கிப் போகவேண்டும். அப்படிச் சுற்றினால் தந்தியே பிரடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். நடுவில் குவித்துச் சுற்றினால் எவ்வளவு வெண்கட்டி பூசினாலும் கழலும்.

இறுகிய பிரடைக்கு அதே இரண்டு வளையத்தில் காய்ந்த சவர்க்காரக் கட்டியை மெல்லத் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம். எண்ணெய் மரத்துக்குள் ஊறிவிட்டால், வருகிற கச்சானில் அந்தப் பிரடை எதற்கும் நிற்காது.

இரண்டு காலத்துக்கும் பொதுவான பழக்கம் ஒன்று. பிரடையைத் திருப்பும்போது உள்ளே தள்ளியபடி திருப்பவேண்டும், திருகாணி முடுக்குகிற மாதிரி. வேண்டிய சுருதிக்கு மேலே போய் இறக்காமல், கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றிச் சேருங்கள். இறக்கி நிறுத்திய தந்தி ஐந்து நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

தந்தியின் அடிமுனை மாட்டுகிற வால்துண்டில், நாலு தந்திக்கும் நுண்திருகு (சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கிற சிறு திருகு) இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். உருக்குத் தந்தியை இரும்புத் திருகில் சேர்க்க அரை நிமிடம், மரப் பிரடையில் சேர்க்க மூன்று நிமிடம். வேலை நாளில் அந்தக் கணக்கு முக்கியம். ஆனால் திருகை மாதக்கணக்கில் உள்ளேயே முடுக்கிக்கொண்டு போனால், அதன் அடிக்கால் பலகையைத் தொட்டுக் கீறத் தொடங்கும். போயா விடுமுறையில் ஒருநாள் நாலு திருகையும் முக்கால்வாசி வெளியே எடுத்துவிட்டுப் பிரடையால் சுருதியை மீட்டெடுங்கள். அதே நாளில் குதிரையையும் பக்கவாட்டில் பாருங்கள். பிரடையை முறுக்க முறுக்க அதன் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, வால்பக்கம் பார்த்த முகம் செங்குத்தாக நிற்கும்வரை துளித்துளியாகப் பின்னே இழுங்கள். குதிரையிலும் தலைப்பக்க மேட்டிலும் தந்தி உட்காருகிற பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கி ஓடும், சாய்வும் குறையும்.

ஒழுங்கு: முதலில் நடு ஸட்ஜம், அதாவது இரண்டாம் தந்தி. அதோடு முதல் தந்தியின் பஞ்சமம். பிறகு மந்திரப் பஞ்சமமும் மந்திர ஸட்ஜமும். கடைசியாக மறுபடி இரண்டாம் தந்தி, ஏனென்றால் மற்ற மூன்றும் ஏறும்போது அது கொஞ்சம் இறங்கியிருக்கும். இதற்குமேல் சுற்றிச் சுற்றிச் சேர்க்கவேண்டாம். வேலை நாளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஆசிரியர் வீட்டில் 2 கட்டைச் சுருதி, உங்கள் வீட்டில் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க 2½ கட்டை என்று மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அரைக் கட்டை ஏற்றி இறக்குவது நாலு தந்தியையும் குதிரையையும் ஒவ்வொரு தரமும் குழப்புகிற வேலை. ஒரு சுருதியில் நில்லுங்கள். போனில் இருக்கிற தம்புரா செயலிதான் சுருதியை மாற்றவேண்டும், வயலின் மாறக்கூடாது.

கடற்காற்று இன்னொரு பக்கம். உவர்மலை, உட்துறைமுக வீதிப் பக்கத்து வீடுகளில் யன்னலோரம் திறந்து வைத்த வயலினின் தந்தி சீக்கிரம் துரு பிடிக்கும். துருப்பிடித்த தந்தி ஒரே நீளத்துக்கு ஒரே சுருதி காட்டாது. காது சரியாக இருந்தும் விரல் இடம் பிழைத்த மாதிரிக் கேட்கும். வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியை மேலிருந்து கீழே ஒருதரம் துடைத்தால் போதும். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தொடுகிறவர்கள் அந்தத் துணியை வில்லுக்குப் பாவிக்கக்கூடாது. வில்மயிரில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டால், ரோசின் எவ்வளவு பூசினாலும் அந்த இடம் தந்தியைப் பிடிக்காது.

பெட்டிக்குள் சிலிக்கா பொதி இரண்டு போடலாம். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அதே பொதிதான். மழைக்காலத்துக்கு மட்டும். கச்சானில் எடுத்துவிடுங்கள், காய்ந்த மரத்தை மேலும் காயவைக்கும்.

வீணைக்காரருக்கு இந்தத் தலைவலி வேறு இடத்தில். தந்தியை அழுத்துகிற 24 உலோக மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. கச்சான் பின்னேரத்தில் மேற்குச் சுவரோரம், தகரக் கூரைக்குக் கீழே வீணையை வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும். தந்தியைச் சேர்த்தும் சுவரம் பிசகினால் பிரடையோடு மல்லுக்கட்டவேண்டாம், மெட்டைப் பாருங்கள்.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கு ரவை பிசைந்து அப்பவே ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும், முடிந்து சுரண்டித் துடைக்க இன்னும் கொஞ்சம். 15 நிமிடம்தான் இருக்கிற நாளில் ரவை வேண்டாம். வலப்பக்கமான வலந்தலைப் பாடங்களை மட்டும் எடுங்கள், அல்லது தொப்பியின் நாதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விரலுக்கு மட்டும் வாசியுங்கள். ரவை அப்பி வாசிப்பதை வாரத்தில் இரண்டு நீண்ட நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈர ரவையை இரவு முழுக்க விட்டுவிட்டால் தோலும் கெடும், கரப்பானும் வரும்.

"பெட்டியைத் தொடவே முடியேல்லை"

கொப்பி வெறுமை என்றால் பெரும்பாலும் பிழை இரண்டில் ஒன்று: பெட்டி இருக்கிற இடம், அல்லது வேலையால் வந்த பிறகு நடக்கிற வரிசை.

இடத்தை முதலில் பாருங்கள். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியை எடுக்க ஒரு முடிவு வேண்டும். களைத்த மனிதன் அந்த முடிவை எடுக்கமாட்டான். நீங்கள் இருந்து வாசிக்கிற பாய்க்கு ஓரெட்டுத் தூரத்தில், வெயில் படாத உட்சுவரோரம், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு வையுங்கள். பாயும் அங்கேயே சுருட்டி நிற்கட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெட்டியைப் பூட்டலாம், ஒளிக்கவேண்டாம். சுருதிக்கு மின்சாரத்தில் ஓடுகிற பெட்டியை மட்டும் நம்பவேண்டாம். கரண்ட் போகும் நாள் உண்டு. போனில் ஒரு மணி நேரத் தம்புரா ஒலியை இறக்கி வைத்து, போனைப் பிளைட் மோடில் போட்டால் அழைப்பும் வராது.

பிறகு வரிசை. வந்து, கதிரையில் இருந்து, போனை எடுத்தால் அன்றைக்கு முடிந்தது. ஆனால் பஸ்ஸால் இறங்கிய வேர்வைக் கையோடும் வயலினைத் தொடவேண்டாம். உப்பு வேர்வை தந்தியையும் பலகைப் பூச்சையும் அரிக்கும். சரியாக வருகிற ஒழுங்கு: குளிப்பு, வாசிப்பு, தேத்தண்ணீர். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வாசிப்போம் என்று மாற்றினால் அது பலகாரத்தோடும் கதையோடும் அரை மணித்தியாலம் நீளும். குளித்து முடிந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் ஒரு 20 நிமிடம் பெரும்பாலான வீடுகளில் உண்டு. யாருக்கும் பசி உச்சத்துக்கு வராத நேரம், ரீவியும் தொடங்கவில்லை.

பிள்ளையை டியூசனில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறவர்கள், வீட்டில் அந்த நேரம் கிடைக்காதே என்று நொந்துகொள்ளவேண்டாம். கீழே பஸ் பகுதியில் சொல்வதெல்லாம் மதிலோரம் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியும் செய்யலாம்.

"விடிய வாசிச்சால் அயலுக்கு இடைஞ்சல்"

கல்வீட்டுச் சுவர் ஒன்றோடொன்று ஒட்டிய ஒழுங்கையில் 5 மணிக்கு வில் இழுத்தால் நியாயமாகவே ஆட்கள் கேட்பார்கள். குதிரையின் தலையில் செருகுகிற ரப்பர் மியூட் ஒன்று வாங்குங்கள். மூடிய அறைக்கு வெளியே சத்தம் பெரிதாகப் போகாது. பாரமான உலோக மியூட் இன்னும் அடக்கும், ஆனால் வில் தட்டிக் கழன்று விழுந்தால் பலகையில் பள்ளம். எங்கள் தெரிவு ரப்பர்தான்.

மியூட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சத்தம் குறையக் குறையக் கை தன்னை அறியாமல் வில்லை அழுத்தும். பிறகு மியூட் இல்லாமல் ஆசிரியருக்கு முன் வாசிக்கும்போது நாதம் கரகரக்கும். எனவே விடியப் பயிற்சியில் இடக்கை வேலைகளை வையுங்கள்: அலங்காரம் (தாளத்துக்கு ஒன்றான சுவரப் பயிற்சி), கமகம் (சுவரத்தை அசைப்பது), விரல் மாற்றம். நீண்ட வில் பயிற்சியைப் பின்னேரத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ ஒதுக்குங்கள். மியூட்டைக் கழற்றிய பிறகு குதிரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் மறக்கவேண்டாம்.

பக்கத்து வீட்டில் இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால், போய் ஒருதரம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். "அக்கா, காலமை அஞ்சரை தொடக்கம் ஆறு மட்டும்தான் வாசிப்பன், இடைஞ்சல் எண்டால் சொல்லுங்கோ" என்பது போதும். முடிகிற நேரம் தெரிந்த சத்தத்தை மனிதர் பொறுப்பார்கள். மார்கழித் திருவெம்பாவை நாட்களில் இந்தக் கவலையே இல்லை, ஊரே கோயில் ஒலிபெருக்கியோடு எழும்பி நிற்கும். விடிய எழும்பும் பழக்கத்தை அந்தப் பத்து நாளில் தொடங்கினால் லேசாகப் பிடிபடும்.

"ஒரு வருடமாக அதே வர்ணம்"

கொப்பியில் நேரம் நன்றாக இருக்கிறது, பாடம் மட்டும் நகரவில்லை. இவர்களில் அனேகமானோர் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் வர்ணத்தின் முதற்பகுதியான பல்லவியில் தொடங்குவது. 20 நிமிடத்தில் அனுபல்லவி தாண்டி, முக்தாயி சுவரத்தில் தடக்கி, திரும்பப் போய், நேரம் முடிந்துவிடும். முன்னமே வந்த பல்லவி நாளுக்கு நாள் மெருகேறும். பின்னால் வருகிற, இன்னும் வராத சிட்டைசுவரம் என்ற சுவரப் பகுதி கையே படாமல் கிடக்கும்.

20 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

முதல் 3 நிமிடம் வெறுந்தந்தியில் நீண்ட வில். தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, ஒரு வில்லுக்கு 8 எண்ணிக்கை. நாலு தந்தியிலும் மேலும் கீழும் இழுக்க 64 நொடி. மூன்று சுற்று. நாள் முழுக்க கணினித் தட்டச்சில் இறுகின தோளும் மணிக்கட்டும் இளகுவதும் இதற்குள்தான்.

அடுத்த 5 நிமிடம் ஒரு அலங்காரம், ஒன்றே ஒன்று. ஏழு தாளம், ஏழு நாள் என்று வசதியாக அமைந்திருக்கிறது. துருவமும் அடவும் 14 அட்சரம் (எண்ணிக்கை), நீளமானவை, அவற்றைச் சனி ஞாயிறுக்குப் போடுங்கள். 4 அட்சரத்து ஏகம் திங்கட்கிழமைக்கு. அன்றைக்கு ஒருவருக்கும் மூளை ஓடாது. மட்டியம், ஜம்பை, திரிபுடை, ரூபகம் நடுவில். ராகத்தை வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள், மாயாமாளவகௌளையிலேயே குடியிருக்கவேண்டாம்.

அடுத்த 10 நிமிடம் வராத இடம். முழுச் சிட்டைசுவரம் வேண்டாம், அதில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. மெட்ரோனோம் 40இல் ஆதிதாள ஆவர்த்தனம் ஒன்று 12 நொடி. மூச்சு விட்டு, பிழை பார்த்து, மறுபடி தொடங்கினால் நிமிடத்துக்கு மூன்று தரம் வரும். 10 நிமிடத்தில் 30 தரம் ஒரே ஆவர்த்தனம் வாசித்த கைக்கு மறுநாள் அது அந்நியமாக இருக்காது. ஒவ்வொரு தரமும் அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் சுவரத்தில் போய் நில்லுங்கள். துண்டு துண்டாக நன்றாக வந்தும் சேர்த்து வாசிக்கும்போது ஒட்டில் விழுகிறவர்கள் இந்த ஒரு சுவரத்தை விட்டவர்கள். தொடர்ந்து மூன்று தரம் பிழையில்லாமல் வந்தால் 44. வரவில்லையா, 36க்கு இறக்குங்கள். வேகத்தைக் கூட்டுவது நாளைக்கும் செய்யலாம்.

கடைசி 2 நிமிடம் கொப்பி. "நாளைக்கு: இரண்டாம் சிட்டைசுவரம், மூன்றாம் விரல் இறங்குகிற இடம், 40" என்று ஒரு வரி. மறுநாள் பெட்டியைத் திறக்கும்போது "என்ன வாசிக்கிறது" என்று யோசிக்கிற ஐந்து நிமிடம் இந்த ஒரு வரியால் மிச்சம்.

"பஸ்ஸிலேயே ரண்டு மணித்தியாலம் போகுது"

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு பாதை என்ற படகுச் சேவைக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. 396 மீற்றர் பாலத்தை பஸ் ஒரு நிமிடத்துக்குள் தாண்டும். ஆனாலும் தரிப்புத் தரிப்பாக நின்று போகிற பயணம் பயணம்தான். அதில் வயலினைக் கொண்டுபோகவேண்டாம். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ கந்தோரின் தகரக் கொட்டிலிலோ நாள் முழுக்கக் கிடந்தால், சூட்டில் இளகுகிற பிசினால் ஒட்டிய பலகை வாயைத் திறக்கும்.

பஸ்ஸில் கை சும்மா, தலை சும்மா. முதலாவது வேலை, அன்றைய அலங்காரத்தைத் தொடையில் தாளம் போட்டபடி மனதுக்குள் மூன்று காலமும் (மூன்று வேகமும்) சொல்வது. நெரிசலில் நின்றால் பையின் வாரில் விரலால் எண்ணுங்கள். இரண்டாவது, நேற்றைக்கு எழுதிய ஆவர்த்தனத்தைச் சுவரமாகச் சொல்லி, எந்தத் தந்தி, எந்த விரல், எங்கே இழைப்பு என்று நினைவில் வாசிப்பது. எந்தச் சுவரத்தில் விரல் தெரியாமல் நிற்கிறீர்களோ, வயலினிலும் அங்கேதான் நிற்பீர்கள். அது தெரிவதற்கே இந்த வேலை. காதில் ஒலிப்பதிவு கேட்பது நல்லதுதான், ஆனால் அதை வரும்வழிக்கு வையுங்கள், போகும்வழியில் தலை தெளிவாக இருக்கும். மிருதங்கக்காரருக்கு பஸ்ஸைப் போல வசதியான இடம் வேறில்லை: மிருதங்க ஒலிகளைச் சொல்லாகச் சொல்கிற சொல்லுக்கட்டு வாயில் வந்தால் பாதிப் பாடம் முடிந்தது. பக்கத்தில் இருக்கிறவர் ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

"ஷிப்ட் வேலை, ஒரே நேரம் கிடைக்காது"

சீனக்குடாப் பக்கத்து ஆலைகள், துறைமுகம், ஆஸ்பத்திரி என்று முறை மாறி வேலை செய்கிறவர்களுக்கு "தினமும் 5.30" என்பது பொருந்தாது. மணிக்கூட்டை விட்டுவிட்டு நித்திரையைப் பிடியுங்கள். எழும்பி, முகம் கழுவி, முதல் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்தால் எந்த முறை வந்தாலும் அந்த இடம் நகராது. இரவு வேலை முடிந்து வந்த கையோடு புதுப் பாடம் எடுக்கவேண்டாம், பிழையைத்தான் பழகுவீர்கள். தெரிந்த கீதமோ வர்ணமோ ஒன்றை மெல்ல வாசித்துவிட்டுப் படுங்கள், அல்லது வாசிக்காமலே படுங்கள்.

"கிழமைக்கணக்கில் விட்டுப்போச்சு"

விட்ட நாளை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலத்தில் பிடிக்க முயலவேண்டாம். விரல்நுனித் தோல் மெலிந்திருக்கும், கொப்புளிக்கும், இன்னும் மூன்று நாள் போகும். முதல் நாள் 8 நிமிடம், ஆரம்பப் பாடமான சரளி வரிசை முதலாவது மட்டும். மெட்ரோனோம் 60இல் முதல் காலம் ஒருதரம், இரண்டாம் காலம் இரண்டு தரம், மூன்றாம் காலம் நாலு தரம் வாசித்தால் மொத்தம் 48 நொடி. அப்படி எட்டுச் சுற்றுக்கு நேரம் தாராளம். நாலாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.

"கை நோகுது"

வாசிக்கும்போது மட்டும் வந்து, நிறுத்திப் பத்து நிமிடத்தில் போகிற களைப்பு பயமில்லை. இடப் பெருவிரல் வயலின் கழுத்தை நெரிக்கிறதா என்று பாருங்கள். வயலின் தலை வலக் கணுக்காலில் அமராமல் நழுவினால், விழாமல் பிடிக்கிற வேலையும் இடக்கைக்கு வந்துவிடும். நோவுக்கு அரைவாசிக் காரணம் அதுதான். கணுக்காலுக்குக் கீழே மடித்த துவாய் ஒன்று வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். முழங்கால் நோகிறவர்கள் இருக்கைக்குக் கீழே மட்டும் ஒரு தடித்த மெத்தை போட்டு இடுப்பை உயர்த்தினால் கால் மடிப்பு லேசாகும். இரவில் எழுப்புகிற நோவு, விரல் விறைப்பு, மின்சாரம் பாய்கிற மாதிரி உணர்வு என்றால் வாசிப்பை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

"கந்தோர் வாணி விழாவுக்கு வாசிக்கக் கேட்டிட்டினம், மூண்டு கிழமைதான் இருக்கு"

வருடாவருடம் நவராத்திரியோடு வருகிற காய்ச்சல் இது. புதுக் கீர்த்தனை பழகப் போகவேண்டாம். கையில் இருக்கிறவற்றில் இரண்டை எடுங்கள், இரண்டும் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள். முதல் கிழமை மேலே சொன்ன 10 நிமிடத்தை முழுக்க ஒட்டு விழுகிற இடங்களுக்குக் கொடுங்கள். இரண்டாம் கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல், பிழை வந்தாலும் தாளத்தை விடாமல். மூன்றாம் கிழமை விழாவில் இருக்கப்போகிற மாதிரியே: அதே உடுப்பு, மேசையிலோ மேடையிலோ அதே உயரம், மின்விசிறி போட்டு. மின்விசிறியின் இரைச்சல் ஸட்ஜத்துக்குக் கிட்ட வந்து காதைக் குழப்பும், அதற்கும் பழகவேண்டும்.

புதுத் தந்தி போடுவதென்றால் விழாவுக்கு முந்திய போயாவிலேயே போடுங்கள். இழுபட்டு நிலைக்கச் சில நாள் எடுக்கும், முதல்நாள் இரவு மாற்றிய தந்தி மேடையில் இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பருவத்தில் காற்றும் மாறத் தொடங்கியிருக்கும். நேற்றுவரை வெண்கட்டி கேட்ட பிரடை முதல் மழையோடு சவர்க்காரம் கேட்கலாம். பெட்டியில் இரண்டும் இருக்கட்டும், கூடவே முதல் தந்தி ஒன்று மேலதிகமாக. மண்டபத்தில் ஏசி ஓடினால் வெளி விறாந்தையில் சேர்த்த சுருதி உள்ளே நிற்காது. 15 நிமிடம் முன்னமே போய்ப் பெட்டியைத் திறந்து வைத்து, அங்கேயே சேருங்கள். வில்லை முறுக்கும்போது நடுவில் மயிருக்கும் கோலுக்கும் ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி போதும். வாசித்து முடிந்ததும், கடலைப் பிரசாதத்துக்குக் கை நீட்டமுன், அதைத் தளர்த்திவிடுங்கள்.